நீர்மட்டத்துக்கு மேலே

இரவு ஒன்றே முக்கால். பெண்டமியர் சாலையின்
இடது தடத்தை ஆரஞ்சுக் கூம்புகள் வாங்கிக்கொண்டன.
மூடியைக் கால்வாசி நகர்த்தி
மீட்டரைக் கயிற்றில் இறக்குகிறார் மொஃபிஸுல்,
கிணற்றில் வாளி விடும் நிதானத்தோடு.
நாற்பத்தொன்று, என்கிறது எண்.
குறித்துக்கொள்கிறேன்.

எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது:
அழுகிய முட்டை வாடை வந்தால் கவலைப்படு.
வந்துகொண்டிருந்த வாடை சட்டென நின்றால்
ஓடு.
அந்த வாயு ஆளைச் சாய்க்குமுன்
மூக்கைத்தான் அணைக்கும்.

திரு. இயோ பதினான்கு முறை அழைத்துவிட்டார்.
மூன்றாவது மாடி. மாலை ஏழே கால்.
எல்லா வீட்டிலும் குளியல், எல்லாத் தொட்டியிலும் பாத்திரம்,
அந்நேரம்தான் கீழே நீர் உயர்ந்து
காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளும்.
அவருக்கு அது தெரியாது. நேரம் தெரியும், நிமிடச் சுத்தமாக.
"இன்னிக்கு முட்டை. நேத்து முட்டைக்கோஸ்.
சாப்பிட உட்கார்ந்தா சரியா வருது, மிஸ்."
அலுவலகத்தில் அவர் பெயருக்கென்று ஒரு சிரிப்பு உண்டு.
நான் அவர் சொன்ன நேரங்களைக் கோடாக இழுத்துப் பார்த்தேன்.
பம்ப் நிலையப் பதிவின் மேல்
அச்சாக உட்கார்ந்தது.

கேமரா வண்டி குழாய்க்குள் ஊர்கிறது.
கழிவு நனைத்துக்கொண்டே ஓடும் அடிப்பாகம்
நேற்று வார்த்ததுபோல் இருக்கிறது.
ஒரு சொட்டும் தொடாத கூரைதான்
ஊறிய அவலாகக் குழைந்து தொங்குகிறது,
கம்பி தெரிய.

யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.
அரித்தது அழுக்கில்லை,
அழுக்கின் பெருமூச்சு.
அது மேலேறி, ஈரச் சுவரில் ஒட்டி,
கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வயிற்றில்
அமிலமாகிறது.
மொஃபிஸுல் நீளக் கம்பால் சுரண்டித் தந்த சிட்டிகையில்
தாளை வைத்தேன். சிவந்தது.
எலுமிச்சையைவிடப் புளிப்பு, எங்கள் கூரை.

நாற்றம் என்ற சொல்லும் ஒரு காலத்தில்
பூவுக்கு உரியதாய் இருந்ததாம்.
எந்த மூச்சு பட்டதோ.

மேலாளர் லூ சுருக்கு வழி சொன்னார்:
மூடிக்கு ரப்பர் வளையம், நான்கு போல்ட்.
போட்டோம். புகார் நின்றது.
கோப்பில் பச்சை நிறம் வந்து அமர்ந்தது.
கடைசி போல்ட்டை முறுக்கியபடி மொஃபிஸுல் மட்டும்,
"இப்ப உள்ளேயே சமைக்கும்" என்றார்.
அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒன்பதாம் நாள் திரு. இயோ மறுபடி அழைத்தார்.
நன்றி சொல்ல.
சொல்லிவிட்டும் வைக்கவில்லை.
"வீட்டுக்காரிக்கு வாடையே தெரியாது, மிஸ்.
மூக்கு போய் நாலு வருஷம்.
கேஸ் கசிவு, கெட்டுப்போன மீன், தீயற சோறு,
எல்லாம் என் பொறுப்பு.
இப்ப ஒண்ணுமே வரலையா,
சரியாயிடுச்சா, இல்ல என் மூக்கும் போயிடுச்சான்னு
ரெண்டு தடவை தைலத்தை முகர்ந்து பார்த்தேன்."

உங்கள் மூக்கு நலம் என்று சொல்லியிருக்கலாம்.
வந்தால் கூப்பிடுங்கள் என்றேன்.
"வந்தாத்தானே, மிஸ்?"

அன்றிரவு அறிக்கையைத் திறந்தேன்.
பம்ப் நிலையத்தில் நைட்ரேட் சொட்ட வேண்டும்.
எண்பத்தாறு மீட்டர் கூரைக்கு உள்ளுறை வேண்டும்.
செலவு, நாள், சாலை மூடும் நேரம்.
காரணம் என்ற இடத்தில்
"பொதுமக்கள் புகார்: இல்லை" என்று
தானாகவே நிரம்பியிருந்தது.
அழித்தேன்.
"மாலை ஏழே கால்" என்று தட்டினேன்.